கடலில் ஒரு நிரை

வேலைக்குச் சேர்ந்ததும், எங்கே போகலாம் என்று அம்மாவிடம் கேட்டேன். கடலுக்கு என்றாள். தீவில் கால் வைக்கப் போவதாகப் பூனாகலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

நிலாவெளிக் கடற்கரைக்கு எதிரே இருந்த தீவுகள் வெறும் கருங்கற்கள். எங்கள் மலையில் தேயிலைக்கு நடுவே நிற்பவை போலத்தான் இருந்தன. சுற்றிலும் தண்ணீர், அவ்வளவுதான். ஒரு தீவில் மட்டும் சிறிய மணல்திட்டு இருந்தது.

கயாக் வாடகைக்குக் கொடுக்கும் றில்வான் இன்னொரு கயாக்கில் கூடவே வந்தார்.

"அந்த ரெண்டு பாறைக்கும் நடுவால நேரா போகணும் தங்கச்சி. ஒதுங்கினா அடியில கல்லு. முதல்ல இங்க நேரா ஓட்டிக் காட்டுங்க. இல்லண்டா திருப்பிக் கூட்டிட்டு வந்துருவன்."

அம்மா முன்னால் இருந்தாள். நான் பின்னால். திசை பார்ப்பது பின்னால் இருப்பவர் வேலை. அம்மாவுக்குக் கொழுந்து பறித்துப் பழகிய கை. துடுப்பை வேகமாக வலது பக்கமே போட்டாள். கயாக் வட்டமடித்து மறுபடி கரையைப் பார்த்தது.

"நீ பின்னால என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்க?"

"இடது பக்கமும் போடணும்மா," என்றேன்.

"என்னது?"

என் குரல் அப்படி. வகுப்பில் பிள்ளைகளுக்கும் இரண்டாம் தடவைதான் கேட்கும்.

மீண்டும் வட்டம். றில்வான் அருகே வந்தார். "காத்து எழும்புது. இன்னும் ஒருக்கா பாப்பம். சரிவரல்லண்டா திரும்புவம்."

அம்மாவின் தோள்கள் இறங்கியது எனக்குத் தெரிந்தது.

தோட்டத்தில் கொழுந்தெடுக்கக் கங்காணி ஆளுக்கொரு நிரை கொடுத்து, பின்னால் நின்று விரட்டி வேலை வாங்குவார். நடுவில் நடந்து, இரண்டு பக்கச் செடிகளிலும் எடுத்துக்கொண்டே போக வேண்டும். அடுத்தவர் நிரையில் அம்மா கை வைத்ததே இல்லை.

"அம்மா," என்று கத்தினேன். "ரெண்டு பாறைக்கும் நடுவுல இருக்கிறதுதான் ஒன் நெரை. இப்ப நீ அடுத்தவ நெரைல நிக்கிற."

துடுப்பு நின்றது. "எவ நெரைல?"

"பக்கத்து வீட்டு சுதர்ஷினி அம்மா நெரைல."

"அவ நெரை எனக்கு எதுக்குடி," என்று துடுப்பை இடது பக்கம் போட்டாள். கயாக் திரும்பியது.

"ரெண்டு பக்கமும் எடு. வலது. இடது. செடிய விட்டுட்டுப் போகாத."

"கங்காணி வேலைக்கா ஒன்னைய கெம்பஸ் அனுப்பிப் படிக்க வச்சேன்?"

அவள் சிரித்ததில் கயாக் ஆடியது. ஆனாலும் நேராகப் போனது. அவள் கைக்கு ஏற்ப நானும் துடுப்புப் போட்டேன். இரு பக்கமும் பாறைகள் உயர்ந்தன. பச்சைத் தண்ணீருக்கு அடியில் கற்கள் தெளிவாகத் தெரிந்தன. நான் கத்துவதை நிறுத்தவே இல்லை. எனக்கே அது பிடித்திருந்தது.

கயாக்கின் மூக்கு மணலில் ஏறியது. அம்மா இறங்கி, மணலில் இரண்டு கால்களையும் அழுத்தி வைத்தாள்.

"போட்டோ எடு. பாறையும் தெரியணும், காலும் தெரியணும்."

எடுத்தேன். அவள் தீவைச் சுற்றி வந்து, இன்னும் ஒன்று எடுக்கச் சொன்னாள்.

திரும்பும்போது பின் இருக்கையில் முதலில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ முன்னால போ. இப்ப நான்தான் கங்காணி."

நான் துடுப்பை எடுப்பதற்குள், மலையில் கங்காணி விரட்டும் அதே குரல் வந்தது. "கை ஓடட்டும், கை ஓடட்டும்."

பக்கத்துக் கயாக்கில் றில்வானும் வேகமாகத் துடுப்புப் போட ஆரம்பித்தார்.