பேதுரு திருநாளன்று கூடாரத்துக்குள் எழுந்த சர்வர்

பேதுரு திருநாளன்று எங்கள் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுத் தலைவனாகிய நான், ரதோசாவ் ஸ்டமாட்டோவிச், என் மனைவி ல்யூபிங்கா, என் தம்பி மகள் தெசங்கா, திருநாள் ரொட்டியை ஆசீர்வதிக்க வந்த கவ்ரிலோ பாதிரியார், அடுத்த குளிர்கிடங்குக்காரர் ஒப்ரென். தொலைபேசியில் இன்னொருவர் இருந்தார். அவரையும் வந்திருந்தவராகவே எண்ணுகிறேன்.

அது எங்கள் குலப் புனிதரின் நாள், ஸ்லாவா. அன்று யாரையும் அழைப்பதில்லை. வந்தவரைத் திருப்பி அனுப்புவதும் இல்லை. கடைசி விருந்தாளி போகும்வரை வீட்டுத் தலைவன் உட்காருவதில்லை. கால் முறிந்த வருடத்தில்கூட என் தகப்பனார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எங்கள் ஊரான அரிலியேயில் அது ராஸ்பெரி அறுவடையின் உச்சமும் கூட. எந்த டிராக்டர் எப்போது பழம் இறக்கலாம் என்று முறை கொடுப்பது தெசங்கா எழுதிய நிரல். அது ஜெர்மனியில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் சர்வரில் ஓடுகிறது. எங்கள் குளிர்கிடங்கின் தராசும் வாசல் தடுப்பும் அதைக் கேட்டுத்தான் அசையும்.

ஸ்லாவாவுக்கு முன்பு எங்கள் பெண்கள் வீட்டையே கழுவி ஊற்றுவார்கள். ல்யூபிங்கா கம்பளங்களை அடித்தாள். தெசங்கா சர்வரைச் சுத்தம் செய்தாள்: புதிய அமைப்பைப் போட்டு, பழையதைத் துடைத்தெறிந்தாள். காலையில் அது பேச்சு மூச்சில்லாமல் கிடந்தது.

வெளியே டிராக்டர்கள் வெயிலில் நின்றன. ராஸ்பெரி காத்திருக்கும் பழமல்ல, தட்டிலேயே சாறாகிவிடும். எங்கள் வாசலுக்கு வந்த பழம் என் பாட்டனார் காலத்திலிருந்து திரும்பிப் போனதில்லை.

"எங்க கிடங்குல நோட்டுலதாண்ணே எழுதுறோம்," என்றார் ஒப்ரென், என் பிராந்தியைக் குடித்துக்கொண்டே. "நோட்டு மயங்கி விழாது. வேணும்னா வண்டிங்கள என் பக்கம் திருப்பி விடுங்க."

விருந்தாளியாக இருந்ததால் அவருக்கு இன்னொரு கோப்பை ஊற்றினேன்.

"ஜெர்மனிக்கு எழுது," என்றேன் தெசங்காவிடம். "ஒரு மனுஷன் நேர்ல போய் அணைச்சுப் போடுற பொத்தானை அழுத்தட்டும்."

அவள் எழுதி அனுப்பிவிட்டு, சும்மா இராமல் மடிக்கணினியை எடுத்து ரொட்டிக்கும் மெழுகுவர்த்திக்கும் நடுவில் வைத்தாள். வாடகைக்கு விட்டவர்களின் இணையப் பக்கம் வழியாக சர்வரை மீட்பு முறையில் எழுப்பினாள். சிறிது நேரத்தில் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"நம்ம சர்வர் முழிச்சுத்தான் இருந்திருக்கு பெரியப்பா. வெளிய வர வாசல்தான் தெரியல. புது அமைப்புக்கு அந்த நெட்வொர்க் கார்டு அடையாளம் தெரியல. தெரிஞ்ச பழசை நான் அழிச்சுட்டேன்."

"இப்போ?"

"ஒழுங்கா சரி பண்ண நேரமாகும். ஆனா இந்த மீட்பு முறை ஒரு கூடாரம் மாதிரி. நினைவகத்துல மட்டும் நிக்குது, டிஸ்கைத் தொடல. வாசலும் இதுக்குத் தெரியுது. இந்தக் கூடாரத்துக்குள்ள ஒரு பொய்க் கணினியக் கட்டி, நம்ம டிஸ்கை அது கையில குடுத்துட்டா, நம்ம சர்வர் அதுக்குள்ள எழுந்துரும். பொய்க் கார்டுதான் இருக்கும். அதை நம்ம புது அமைப்புக்கு நல்லாவே தெரியும்."

"யோனா மீன் வயித்துல உட்கார்ந்து ஜெபம் பண்ணின மாதிரி!" என்று பாதிரியார் துள்ளினார்.

"அதேதான் சாமி. ஒண்ணே ஒண்ணு. யாராவது மெஷினை அணைச்சா கூடாரமும் போச்சு, பாதி எழுதின பதிவும் கெட்டுப்போகும்."

அவள் ஒரு நீண்ட வரியைத் தட்டினாள். திரைக்குள் இன்னொரு திரை திறந்தது. அதில் எங்கள் சர்வர், தான் வேறொன்றின் வயிற்றில் இருப்பது தெரியாமல், தினமும் போல எழுந்து வேலையைத் தொடங்கியது. வெளியே தடுப்புக்கட்டை உயர்ந்தது. எல்லா டிராக்டர்களும் ஒன்றாக ஒலி எழுப்பின.

கூடம் தலைகீழானது. பாதிரியார் ஒப்ரெனைக் கட்டிக்கொண்டு சுற்றினார். ல்யூபிங்கா மாவுக் கையோடு மடிக்கணினிக்கு முத்தமிட்டாள். "கீபோர்டுல மாவு, பெரியம்மா!" என்று தெசங்கா கத்தினாள், சிரித்துக்கொண்டே.

அப்போது தொலைபேசி அடித்தது. ஜெர்மன் மொழியில் தொடங்கிய குரல், எங்கள் பெயரைப் படித்ததும் எங்கள் மொழிக்கு மாறியது.

"நெபோய்ஷா பேசுறேன். நீங்க கேட்டபடி உங்க மெஷின் முன்னாடி நிக்கிறேன். பொத்தான் மேல விரல் இருக்கு. அழுத்திரட்டுமா?"

"வேண்டாம்!" என்று ஐந்து பேரும் அலறினோம். ஒப்ரெனும் அலறினார்; அதை அவர் பிறகு மறுத்தார்.

"அப்போ நான் கிளம்பலாமா?"

நானே வரச்சொன்ன ஆள். அதுவும் ஸ்லாவா அன்று. ஒப்ரென் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் வாயையே பார்த்தார். நான் தொலைபேசியை வாங்கினேன்.

"தம்பி, இன்னிக்கு எங்க வீட்டு ஸ்லாவா. உன்னைப் போன்னு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா நீ அதைத் தொடவும் கூடாது."

"அப்போ நான் என்னதாங்க பண்றது?"

"நில்லு. நானும் நின்னுக்கிட்டுதான் இருக்கேன்."

அவர் சிரித்த சிரிப்பில் தொலைபேசி அதிர்ந்தது.

"நான் உங்க பக்கத்து ஊர் இவானிட்ஸாக்காரன்யா! ஸ்லாவா வீட்டுலேர்ந்து சாப்பிடாம திரும்பினேன்னு எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சுருவா. நிக்கிறேன். எவனும் கிட்ட வரமாட்டான்."

சர்வரின் மேல் 'தொடாதே' என்று எழுதி ஒட்டியதாகச் சொன்னார். அவர் பங்கு ஆட்டுக்கறியையும் ரொட்டியையும் கோதுமைப் பலகாரத்தையும் ல்யூபிங்கா கட்டினாள். பழம் இறக்கிவிட்டு இவானிட்ஸா பக்கம் திரும்பிய டிராக்டர் ஒன்று அதை அவருடைய தாயாரிடம் சேர்த்தது.

கடைசி வண்டியும் இறக்கியபின் தெசங்கா உள்ளிருந்த சர்வரை முறையாக உறங்கவைத்தாள். கார்டுக்குத் தேவையானதை டிஸ்கில் சேர்த்தாள்.

"நெபோய்ஷா அண்ணா, இப்போ அழுத்துங்க," என்றாள்.

அவர் அழுத்தினார். சர்வர் தன் சொந்தக் காலில் எழுந்து, வாசலைக் கண்டுபிடித்து, வெளியே வந்தது.

வரச்சொன்ன ஆளை ஸ்டமாட்டோவிச் வீட்டார் ஸ்லாவா அன்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று ஒப்ரென் கிடங்கில் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையல்ல. அவர் வந்தார், நின்றார், வந்த வேலையைச் செய்தார். அவர் பங்கை அவர் தாயார் சாப்பிட்டார்.