கை தூக்காத ஆள்

விமலின் கட்சி இதுதான்: நாம் வாழ்கிற இந்த உலகம் நிஜம் இல்லை. எங்கேயோ உட்கார்ந்துகொண்டு எவனோ ஓட்டுகிற கம்ப்யூட்டர் விளையாட்டு. எண்ணூர், எர்ணாவூர், காசிமேடு, கடல், அனல்மின் நிலையத்திலிருந்து கடலில் போய் விழும் சுடுதண்ணீர் எல்லாமே திரையில் வரைந்த படம்.

“ஆதாரம் இன்னாடா?” என்று கேட்டான் வல்லரசு.

“ரோட்ட பாரு மாமு. நேத்து நின்ன அதே லாரி. அதே எடம். அதே டிரைவரு, அதே லுங்கி. காப்பி பேஸ்ட்டு.”

டீக்கடை வாசலில் நின்றபடியே வல்லரசு திரும்பிப் பார்த்தான். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருந்த டிரெய்லர்கள் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நின்றன. லுங்கி அதே லுங்கிதான். இந்த ஒன்றை மட்டும் அவனால் மறுக்க முடியவில்லை.

“அப்போ என் முட்டி வலி?”

“அது கோடிங்.”

“எவன் எழுதனான்? அட்ரஸ் குடு. நேரா போயி ரெண்டு கேள்வி கேட்டுகினு வரேன்.”

“அவனும் எதுனா ஒரு கேமுக்குள்ளதான் கீறான் மாமு. அவனுக்கும் முட்டி வலிக்கும்.”

விமல் நெட்டுக்குப்பத்துக்காரன். ஆற்றில் போட்ட வலையில் இறாலுக்குப் பதில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் சேறு ஏறத் தொடங்கியதும் அப்பாவின் படகை விட்டுவிட்டு கண்டெய்னர் முனையத்தில் வேலைக்குச் சேர்ந்தவன். சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. கண்ணெதிரே ஓர் ஆறு செத்துப்போவதைப் பார்த்தவனுக்கு அது வெறும் படம் என்று நினைத்துக்கொள்வது சௌகரியம். குடிப்பதைவிட உடம்புக்கும் நல்லது. செல்போனில் இதைப் பற்றி யார் யாரோ இங்கிலீஷில் பேசும் வீடியோக்களைப் பார்ப்பான். பாதி புரியும். புரியாத பாதியை அவனே இட்டு நிரப்பிக்கொள்வான்.

வல்லரசுக்கு வியாசர்பாடி. பதினொரு வருஷமாக அதே முனையத்தில், கிரேனுக்குக் கீழே நிற்கிற வேலை. கப்பலிலிருந்து கிரேன் தூக்கி வரும் கண்டெய்னர், கீழே காத்திருக்கும் டிரெய்லருக்கு மேல் கைக்கு எட்டும் உயரத்தில் வந்து நிற்கும். அதன் நாலு மூலையிலும் இரும்புப் பூட்டு இருக்கும். ஓடிப் போய் நாலையும் கழற்ற வேண்டும். கழற்றிவிட்டு மஞ்சள் கோட்டுக்கு வெளியே வந்து வலது கையைத் தூக்க வேண்டும். கை தூக்கினால்தான் மேலே இருப்பவன் இறக்குவான். “ஆரியா” என்பார்கள். இறக்கு என்று அர்த்தம். எந்த ஊர்ச் சொல்லோ, எந்தக் காலத்துச் சொல்லோ, துறைமுகத்தில் அதுதான் சொல். கை இல்லாமல் ஆரியா இல்லை. கம்பெனியின் விதிப் புத்தகத்தில் இப்படி ஒரு வரி கிடையாது. கோதண்டம் என்பவனின் வலது பாதம் டிரெய்லருக்கும் பெட்டிக்கும் நடுவில் போன அன்று, கீழே நிற்பவர்களும் மேலே இருப்பவர்களும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டது.

பதினொரு வருஷம் இருபது டன்னுக்கு அடியில் நின்றவனுக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சம் இருக்கும். மேலே ஏறிவிட வேண்டும். கிரேனின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் ஒரு நாற்காலி, ஏசி, காலடியிலும் கண்ணாடி. அந்த நாற்காலி ஒன்று காலியானது. நாற்பது வயதுக்குள் இருப்பவர்கள் பரீட்சை எழுதலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். வல்லரசுக்கு வருகிற தை பிறந்தால் நாற்பது. இதை விட்டால் ஓய்வு பெறும் வரை பெட்டிக்கு அடியில்தான். அவன் விண்ணப்பித்தான். விமலும் விண்ணப்பித்தான்.

பரீட்சை நிஜக் கிரேனில் இல்லை. அலுவலகக் கட்டடத்தின் மாடியில் ஓர் இருட்டு அறை, அதில் ஒரு சிமுலேட்டர். நாற்காலி நிஜம், இரண்டு பக்கமும் உள்ள லீவர்கள் நிஜம். மற்றதெல்லாம் திரை. எதிரே கப்பல், காலுக்குக் கீழே தரை, தூரத்தில் கடல். அரை மணி நேரத்தில் பன்னிரண்டு பெட்டி இறக்கினால் பாஸ். நடத்த வந்தவர் ரேகா, அந்த மென்பொருளை விற்ற கம்பெனியின் பயிற்சியாளர்.

“உனக்கு ஏத்த எடம்டா. கேமுக்குள்ள கேமு,” என்றான் வல்லரசு, உள்ளே போவதற்கு முன்.

“பாத்து ஆடு மாமு. செத்துட்டா மூணு லைஃபு.”

முதல் பெட்டியை வல்லரசு நன்றாகவே தூக்கினான். ஆடாமல், இடிக்காமல் கொண்டுவந்து டிரெய்லருக்கு மேல் கைக்கு எட்டும் உயரத்தில் நிறுத்தினான். பதினொரு வருஷமாக அண்ணாந்து பார்த்துப் பார்த்து மனப்பாடம் ஆன வேலை. நிறுத்திவிட்டுக் காலடித் திரையைப் பார்த்தான்.

டிரெய்லரின் பின் மூலையில், மஞ்சள் கோட்டுக்கு உள்ளே, ஓர் ஆள் நின்றான். மஞ்சள் ஹெல்மெட், ஆரஞ்சுச் சட்டை. கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

வல்லரசு காத்திருந்தான். ஹாரன் அடித்தான். ஆள் நகரவில்லை. இரண்டாவது முறை அடித்தான். எட்டாவது முறை அடித்தபோது ஸ்பீக்கரில் ரேகாவின் குரல் வந்தது.

“சார், ஏன் நிறுத்திட்டீங்க?”

“ஆளு கீறாரு மேடம்.”

“எங்க சார்? யாரும் இல்லையே. ஓ, அதுவா? அது ஆள் இல்ல சார். பேக்ரவுண்ட். பார்க்க ரியலா இருக்கணும்னு வச்சிருக்காங்க.”

“கைய தூக்கல மேடம்.”

“அது தூக்காது சார். நீங்க இறக்குங்க, ஒண்ணும் ஆகாது.”

வல்லரசுக்கும் தெரியும், அது ஆள் இல்லை என்று. அவன் முட்டாள் இல்லை. இறக்குகிற லீவரைப் பிடித்து, “ஆரியா” என்று தனக்குத் தானே சொல்லியும் பார்த்தான். மணிக்கட்டு கேட்கவில்லை. அந்த ஆள் நிற்கிற விதம் அப்படி. ஷிப்டு முடிகிற நேரத்தில் பசியோடு எதையோ யோசித்துக்கொண்டு நிற்கிறவன் அப்படித்தான் நிற்பான்.

“நவுரு நைனா!” என்று வல்லரசு திரையைப் பார்த்துக் கத்தினான். “த்தா, காது கேக்கல? ஒத்திக்கோ!”

அறைக்கு வெளியே யாரோ சிரித்தார்கள். அரை மணி முடிந்து திரை அணைந்தபோது அந்த ஒரே பெட்டி அதே உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மதிப்பெண் சைபர்.

அடுத்து விமல். பதினைந்து பெட்டி. முதல் பெட்டியை அந்த ஆளின் மேலேயே இறக்கினான். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்டியின் கூரையைத் துளைத்துக்கொண்டு மஞ்சள் ஹெல்மெட் மட்டும் காளான் மாதிரி வெளியே முளைத்தது. விமல் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இரண்டாவதைத் தூக்கப் போனான்.

“அவன் மண்டை மேலயே வச்சியேடா,” என்றான் வல்லரசு, படி இறங்கும்போது.

“ஃபோட்டோ மாமு அவன்.”

“அப்போ நானு?”

“நீயும்தான். நானும்தான். அத்த புரிஞ்சிகினவன் பாஸு. புரியாதவன் பேஜாரு.”

நாற்காலி விமலுக்குப் போனது. உலகமே பொய் என்கிறவனை, உலகத்தைத் தூக்கி இறக்குகிற இடத்தில் உட்கார வைத்தார்கள்.

அன்று வீட்டில் மனைவி சங்கமித்ராவிடம் சொன்னபோது அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். ஒரு நாளைக்கு எழுபது பேர் எலும்பைப் பார்க்கிறவளுக்கு எதுவும் பெரிய ஆச்சரியம் இல்லை.

“ஃபோட்டோ மேல பெட்டி வெக்க மாட்டேன்னியா?”

“வெக்கத்தான் பாத்தேன். கை வரல.”

“யோவ், நான் கூடத்தான் தெனம் ஃபோட்டோ புடிக்கறேன். ஈர ஃபிலிம் மேல கைய வெக்காதன்னா சரி. இது இன்னாயா புதுசா கீது?”

“அவன் கோதண்டம் நின்ன எடத்துல நின்னான்.”

அவள் ரசக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். பிறகு, “ரசம் ஊத்திக்க,” என்றாள்.

இரண்டு வாரம் பயிற்சி முடித்து விமல் நிஜக் கிரேனில் தனியாக ஏறிய முதல் நாள், காலை பத்து மணி. கீழே வல்லரசு. முதல் பெட்டி வந்து கைக்கு எட்டும் உயரத்தில் நின்றது. வல்லரசு ஓடிப் போய் நாலு பூட்டையும் கழற்றினான். கழற்றியவன் வெளியே வரவில்லை. டிரெய்லரின் பின் மூலையில், மஞ்சள் கோட்டுக்கு உள்ளே நின்றான். கையைத் தொங்கவிட்டான்.

திட்டம் போட்டுச் செய்ததில்லை. செய்துவிட்டு, திட்டம் போட்டவன் மாதிரி நின்றான். தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில் இருபது டன் லேசாக ஆடியது. பெட்டியின் அடித் தகட்டில் துரு வாசனை அடித்தது.

வாக்கி டாக்கி கரகரத்தது. “மாமு, கைய தூக்கு.”

வல்லரசின் கை தொங்கியபடியே இருந்தது.

“மாமு, வெளாடாத. வெளிய வா.”

நடுவில் கட்டுப்பாட்டு அறை புகுந்தது. “ஆபரேட்டர், என்ன பிரச்சினை? இறக்குங்க. பின்னாடி ஒன்பது வண்டி நிக்குது.”

“ஆளு கீறாரு சார்.”

“கேமராவுல யாரும் தெரியலையே. இறக்குங்க.”

“கை தூக்கல சார்! கை தூக்காம நான் எப்டி சார் இறக்குவேன்?”

வல்லரசு மூக்கைச் சொறிந்துகொண்டான். பயத்தில் மூக்கு அரிக்கும் என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. இப்போது விமலின் குரல் உடைந்து, அவன் குப்பத்தில் படகும் படகும் மோதும்போது மட்டும் வெளியே வருகிற வசவுகளாக வந்தது. வல்லரசின் அம்மா, அக்கா, செத்துப்போன பெரியப்பா என ஒருவரையும் விடவில்லை. நாலு நிமிஷம். டிரெய்லர் டிரைவர்கள் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். திட்டு தீர்ந்துபோய், “மாமு, கை நடுங்குது மாமு, பெட்டி ஆடுது,” என்று விமல் சொன்ன பிறகுதான் வல்லரசு கோட்டைத் தாண்டி வெளியே வந்தான்.

சாப்பாட்டு நேரத்தில் விமல் கிரேனிலிருந்து இறங்கி நேராக வந்து அவன் சட்டையைப் பிடித்தான்.

“சாவறதுன்னா கடல்ல போயி வுயு. என் கையில ஏன்டா சாவற?”

“ஃபோட்டோதானே நானு? வெக்கறதுதானே மேல?”

“மேல இருந்து பாத்தா ஃபோட்டோ மாதிரிதான் கீற. எறும்பு சைஸு. ஆனா மூக்க சொறிஞ்ச பாரு…” விமல் சட்டையை விட்டான். “ஃபோட்டோ மூக்க சொறியாது மாமு.”

அதற்காக அவன் தன் கட்சியை விட்டுவிடவில்லை. சாயங்காலத்துக்குள் அதைத் திருத்திக்கொண்டான். உலகம் பொய்தான், வல்லரசு மட்டும் நிஜம். முனையத்தில் எல்லோரிடமும் இதைச் சொன்னான். இரண்டு நாள் வல்லரசைக் கண்டவர்கள் எல்லாம் கிள்ளிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நாலு நிமிஷத் தாமதத்துக்கு விளக்கம் கேட்டு வல்லரசுக்கு ஒரு தாள் வந்தது. உண்மையை எழுதினால் வேலை போகும். பொய் எழுத அவனுக்குத் தோன்றவில்லை. ஒரு வழியாக இப்படி எழுதினான்: கை தூக்கினால்தான் இறக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். சிமுலேட்டரில் நிற்கும் நபர் கை தூக்குவதில்லை. இதனால் ஆபரேட்டர்களுக்குக் குழப்பம் ஏற்படுகிறது. எனவே மேற்படி நபர் கை தூக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மேலதிகாரிகளுக்கு அது பிடித்துப் போனது. மென்பொருள் கோளாறு என்றால் யார் தலையும் உருள வேண்டியதில்லை. வெளியூர்க் கம்பெனிக்குக் கடிதம் போனது. கோளாறால் தோற்றது செல்லாது என்றும், இன்னொரு கிரேன் வந்திருப்பதால் வல்லரசுக்கு மறுபரீட்சை உண்டு என்றும் முடிவானது. தை பிறக்க ஒன்பது நாள் இருந்தது.

மறுபடியும் அதே இருட்டு அறை, அதே நாற்காலி. முதல் பெட்டியைக் கைக்கு எட்டும் உயரத்தில் நிறுத்திவிட்டு வல்லரசு காலடியைப் பார்த்தான்.

யாரும் இல்லை. மஞ்சள் கோடு, சிமென்ட் தரை, டிரெய்லர். அவ்வளவுதான். வலது ஓரம் பார்த்தான், கப்பல் பக்கம் பார்த்தான். மனித வாசனையே இல்லை. யார் கைக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

“ஆரியா,” என்றான். மணிக்கட்டு கேட்டது.

பதினெட்டு பெட்டி. இதுவரை பரீட்சை எழுதியவர்களில் அதிகம். ரேகா கைகொடுத்தார்.

“மேடம், அந்த ஆளு?”

“எடுத்துட்டாங்க சார். கை தூக்க வைக்கணும்னா அனிமேஷன் பண்ணணும், நாலு மாசம் ஆகும்னாங்க. டெலீட் ஈஸி. உங்க லெட்டரப் பார்த்துதான் செஞ்சாங்க. இனிமே யாருக்கும் அந்தப் பிரச்சினை இல்ல.”

வல்லரசு தலையாட்டினான். வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து சங்கமித்ராவுக்குப் போன் போட்டான்.

“பாஸு.”

“அந்த ஆளு கைய தூக்குனானா?”

“ஆளே இல்ல. தூக்கிட்டாங்க.”

“வேலைய வுட்டா?”

“படத்த வுட்டு.”

அந்தப் பக்கம் யாரையோ மூச்சைப் பிடிக்கச் சொன்னாள். ஒரு மெஷின் விர்ரென்றது. மூச்சை விடச் சொன்னாள்.

“சரி, எப்போ மேல ஏறப்போற?”

“திங்கக்கெயம.”

“அப்போ உன் எடத்துல கீய யாருயா நிப்பாங்க?”

“எவனாவது நிப்பான், வுடு,” என்றான் வல்லரசு. பிறகு, வரும்போது பிரியாணி வாங்கி வரட்டுமா என்று கேட்டான்.