ஏழு வயதுச் சடங்கு

"ஜூலை 9, புதன். நேற்று ஷாலினிக்குப் 'பித்த வாந்தி' என்று எழுதியது தப்பு. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. அது அம்மா சொன்னது."

மாரிசெல்வி நோட்டில் எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள். மாட்டுங்காவில் அவளுடைய மாலை வகுப்பு தொடங்கியிருக்கும். அவளுக்குப் போக மனமில்லை. தார்ப்பாய் மறைத்த மூலையில் ஏழு வயதுத் தங்கை ஷாலினி தலையைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.

போன வாரம் ஷாலினிக்கு உதிரம் பட்டதும் அம்மா முருகம்மாள் அவளைத் தனியே உட்கார வைத்துவிட்டாள். தாய்மாமன் வந்து தண்ணீர் ஊற்றும்வரை வாசல் தாண்டக் கூடாது. திங்களன்று அம்மா வேலைக்குப் போனதும் மாரிசெல்வி தங்கையைத் திருட்டுத்தனமாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். அன்றிலிருந்து அம்மா வாசலை விட்டு நகரவில்லை. இன்று காலை ஸ்கேனுக்குக் கொடுத்திருந்த நேரமும் தவறிப்போனது.

"எட்டு வயசுக்கு முந்தி வந்தா சீக்காவும் இருக்கலாமாம், அம்மா. சில பிள்ளைக்கு ஒண்ணுமே இருக்காதாம். சிலதுக்குத் தைராய்டு, சினைப்பையில நீர்க்கட்டி. தலைவலியும் வாந்தியும் சேந்திருந்தா மூளையில கட்டியான்னு பாக்கணும்னு டாக்டரு சொன்னாவ."

"டாக்டர் பேசுன இந்திய நீ கேட்ட லெச்சணம்! ஒழுங்காத்தான் கேட்டியா?"

மாரிசெல்விக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அப்போதுதான் ஆண்டாப் ஹில்லிலிருந்து மாமா கணேசபாண்டியன் பட்டுப் பாவாடையும் பூவுமாக வந்து சேர்ந்தார். "என்னட்டி, தங்கச்சிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போன டாக்டரம்மா, எம் மருமவ எங்க?"

ஷாலினி தார்ப்பாயை விலக்கிப் பார்த்தாள். "ஐ, ரெண்டு மாமா வந்திருக்காவ!"

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். மாரிசெல்வி ஒற்றை விரலை நீட்டினாள். "இது எத்தனட்டி?"

"ரெண்டு."

மாமாவின் சிரிப்பு நின்றது.

"தண்ணி ஊத்தாம வெளிய போவக் கூடாதுண்ணே..." முருகம்மாளின் குரல் உடைந்தது.

அவர் குடத்திலிருந்து ஒரு கை நீரை அள்ளி ஷாலினியின் தலையில் தெளித்தார். "ஊத்தியாச்சு. சடங்கு முடிஞ்சுது. ஏட்டி, டாக்ஸியப் புடி!"

ஆஸ்பத்திரி வாசலில் முருகம்மாள் மூத்த மகளின் கையைப் பிடித்தாள். "கட்டின்னா எடுத்துரலாம்லா?"

"கேக்கலம்மா." அதைக் கேட்க வேண்டுமென்றே அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

ஷாலினியை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். வராந்தாவில் உட்கார்ந்து மாரிசெல்வி எழுதினாள்:

"நாளை காலை ஸ்கேன். நள்ளிரவுக்குப் பிறகு ஷாலினிக்குச் சாப்பாடு, தண்ணீர் எதுவும் கொடுக்கக் கூடாது. கட்டி இருந்தால் எடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். புரியாவிட்டால் மறுபடியும் கேட்க வேண்டும்."