நாலு விரல் மேலே ஒரு மச்சம்

எண்பத்தேழு செப்டம்பரில், இடஒதுக்கீடு கேட்டுச் சாலைகளை மறித்த அந்த ஏழு நாளில், பெரியநாயகி அறுபத்திரண்டு கிலோ இளைத்தாள். அவள் தோல் இளைக்கவில்லை. அதே வாரத்தில் கள்ளக்குறிச்சியில் தக்காளி கிலோ எட்டு ரூபாய்க்கு ஏறியது, மண்ணெண்ணெய் கிடைக்கவே இல்லை, சின்னசேலம் பக்கம் ஒரு கல்யாணம் மாப்பிள்ளை வந்து சேராமல் நின்றுபோனது. ஊருக்குப் பேச இத்தனை விஷயம் இருந்ததால் பெரியநாயகியின் சங்கதி நாலாவதாகவோ ஐந்தாவதாகவோதான் பேசப்பட்டது. எடை மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாதது. போகும் முன் நூற்றுப் பதினாலு, வந்த பின் ஐம்பத்திரண்டு; இரண்டையும் அவள் புருஷன் தங்கதுரையின் ரைஸ் மில்லில், மூட்டை போடும் தராசில்தான் பார்த்தார்கள். அந்தத் தராசு நெல்லு விஷயத்தில் எப்படியோ, ஆள் விஷயத்தில் பொய் சொன்னதில்லை.

எழுபத்தாறில் கல்யாணமாகி வந்தபோது அவள் நாற்பத்தாறு கிலோ. எஸ்.எஸ்.எல்.சி. தேறி, டைப்ரைட்டிங் லோயர் முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்திருந்தாள். பெண் பார்க்க வந்த அன்று, வேலை வந்தால் தாராளமாகப் போகட்டும் என்று தங்கதுரை வீட்டார் சொன்னார்கள். பிறகு அவள் அந்தப் பேச்சை எடுத்தபோதெல்லாம் மாமியார் ஆயம்மாள் சாப்பிட்டியா என்று கேட்டாள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் எவ்வளவோ சுலபம். மறுப்பதென்றாலும் மனசாரத் தட்டில் சோறு போட்டு மறுக்கிற குடும்பம் அது. மூன்று வருடத்துக்கு ஒரு தரம் பதிவைப் புதுப்பிக்கும் தேதி வரும். அன்றைக்கு வீட்டில் பணியாரம் சுடுவார்கள். புதுப்பிப்பை அவள் தபாலில் ரகசியமாகச் செய்துகொண்டாள், பணியாரத்தையும் தின்றாள். பதினோரு வருடத்தில் நூற்றுப் பதினாலு ஆனாள். கடைசி நாலு வருடம் பஸ் படி ஏற முடியாமல் வீடும் மில் களமும் தவிர வேறு எதையும் அவள் பார்க்கவில்லை.

அந்த செப்டம்பரில் அப்பாவின் தெவசத்துக்காக அவளைச் சங்கராபுரத்துக்கு அப்பால் இருந்த பிறந்த ஊருக்கு மில் டெம்போவில் அனுப்பினார்கள். திரும்பி வரும்போது டெம்போ ரிப்பேர் என்று, நாலு பேர் தூக்கி ஏற்ற, டவுன் பஸ்ஸில் வந்தாள். வழியில் ஒரு புளியமரம் முன்னால் சாய்ந்து கிடந்தது. பத்து நிமிடத்தில் பின்னால் இன்னொன்று சாய்ந்தது. மற்றவர்கள் மரத்தைத் தாண்டி நடந்தே போய்விட்டார்கள். இடுப்புயர மரத்தை அவளால் தாண்ட முடியவில்லை. டிரைவரும் போனார். கண்டக்டர் டிக்கெட் பையை எடுத்துக்கொண்டு, “எம்மா, பஸ்ஸ கொஞ்சம் பாத்துக்க. கவர்மெண்டு வண்டி” என்று ஒப்படைத்துவிட்டுப் போனார். சேதி எட்டியதும் தங்கதுரை சைக்கிளில் வந்த ஒரு பால்காரரிடம் பதில் சொல்லி அனுப்பினான். ரோடு தொறந்ததும் வரேன், எங்கியும் போவாத, என்பதுதான் பதில். இதைக் கேட்டு அவள் சிரித்தாள் என்று பால்காரர் பிறகு சொன்னார்.

ஏழு நாள் அவள் இருவர் சீட்டில் தனியாக இருந்தாள். பட்டினி கிடக்கவில்லை. மரம் வெட்டிய பையன்களே இரண்டு வேளையும் கஞ்சியும் புளிசோறும் கொண்டுவந்தார்கள். அவர்களில் அறிவுச்செல்வன் என்று காலேஜ் படிக்கிற ஒருவன், “அக்கா, எங்களுக்காவ இன்னும் ரெண்டு நாளு பொறுத்துக்கங்க” என்று தினமும் சொன்னான். எதுக்குப்பா இதெல்லாம் என்று அவள் கேட்டதற்கு, யாருக்கு எத்தனை சதவீதம், எத்தனை பேர் படித்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள் என்று பஸ் கண்ணாடியில் விரலால் கணக்குப் போட்டுக் காட்டினான். தானும் அந்தப் பையன்களின் சாதிதான், அந்தக் கணக்கில் தானும் ஒரு ஆள்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தினம் காலையில் ரவிக்கை ஒரு பிடி தளர்ந்தது. தினம் ஒன்பது கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். காரணம் எந்த டாக்டருக்கும் தெரியவில்லை. அந்த வாரத்தில் அவளை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை என்பதைத்தான் நான் காரணமாக நினைக்கிறேன்.

எட்டாம் நாள் மரங்களை இழுத்துப் போட்டார்கள். தங்கதுரை டெம்போவோடு வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளிடமே, “இங்க ஒரு குண்டம்மா இருந்தாங்களே, எங்க?” என்று கேட்டான். அவள் எழுந்து, நனைந்த போர்வையை வாரி எடுப்பதுபோலத் தன் தோலை இரண்டு கையாலும் வாரி எடுத்துக்கொண்டு, தானே படியிறங்கினாள்.

தோலைப் பற்றிச் சொல்லவேண்டும். தோள்பட்டைத் தோல் மணிக்கட்டு வரை தொங்கியது. வயிற்றுத் தோல் முழங்காலைத் தொட்டது. மடிப்புக்குள் வேர்க்குரு, எரிச்சல், ஒரு டப்பா பவுடர் இரண்டு நாள் வராது. இதெல்லாம் எங்கேயும் உள்ளதுதான். ஆனால் இந்தத் தோல் வீட்டை மறக்கவில்லை. ஆயம்மாள் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தால் முதலில் தோல் போகும், பின்னாலேயே அவள் இழுபட்டுப் போவாள். தங்கதுரை மில்லிலிருந்து கூப்பிட்டால் முதுகுத் தோல் அந்தப் பக்கம் சாயும். நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சாப்பாட்டு வேளையில் வயிற்றுத் தோல் தானாகத் தட்டின் முன்னால் விரிந்து உட்காரும். வாசல் கேட்டைத் தாண்டப் போனால் கொண்டியில் சுற்றிக்கொள்ளும், எத்தனை எடுத்துவிட்டாலும். குண்டாக இருந்த காலத்தில் தான் அடைபட்டிருந்தது அவளுக்குத் தெரியவில்லை, உள்ளே நகர இடமில்லை. இப்போது உள்ளே உலாத்த இடம் இருந்தது, சுவர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. அவள் மெலிந்த பிறகுதான் அழ ஆரம்பித்தாள்.

தங்கதுரைக்கும் வருத்தம்தான். பெண்டாட்டிக்குச் சோறு போடவில்லை என்று ஊர் பேசுமே என்பது பாதி, மீதி நிஜமான வருத்தம். அவன் தோலைத் தடவிக்கொடுத்துத் தோலோடுதான் பேசினான். அவன் தொட்டால் தோலுக்குத் தெரிந்தது, அவளுக்குத் தெரியவில்லை.

கடைவீதியில் ஷேக் தாவூது டைலர். பெண்களுக்கு அளவெடுப்பது அவர் சம்சாரம் மெகருன்னிசா. பெரியநாயகியின் பழைய ரவிக்கைகளைப் பிடித்துக் கொடுக்க வந்த மெகருன்னிசா, அவளைப் பார்த்துவிட்டு டேப்பை மடித்து வைத்தாள். “நாயகிக்கா, ஜாக்கெட்ட இன்னா பண்றது, துணி ஒண்ணும் ஜாஸ்தி இல்ல. தோல்தான் ஜாஸ்தி” என்றாள். அதைச் சிரிக்காமல் நேராகச் சொன்ன முதல் ஆள் அவள். காடாத் துணியில் பதினாலு கொக்கி வைத்து ஒரு பாடி தைத்துக் கொடுத்தாள். தோலைச் சுருட்டி உள்ளே வைத்து மாட்டிக்கொண்டால், கூப்பிடும்போது திமிறுமே தவிர வெளியே வராது.

எண்பத்தொன்பதில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று புதிய பட்டியல் வந்தது, அதற்கு இருபது சதவீதம் வந்தது. அதே வருடம் பெரியநாயகிக்கு வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து அட்டை வந்தது. கல்வராயன் மலையில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலை, கடலூரில் சான்றிதழ் சரிபார்ப்பு. பதினைந்து வருடமாக மூன்று வருடத்துக்கு ஒரு தரம் தபாலில் உயிரோடு வைத்திருந்த பெயர் அது. தங்கதுரை சண்டை போடவில்லை. டெம்போவில் அவனே கூட்டிப்போனான், கேட்டுக் கொண்டியை அன்றைக்கு அவனே எடுத்துவிட்டான்.

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அங்க அடையாளம் என்று ஒரு வரி உண்டு. பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிறுத்தி, மச்சம் எங்கேடா என்று கேட்டு, ஹெட்மாஸ்டர் எழுதுவார். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் அந்த ஆள் அந்த மச்சம்தான். பெரியநாயகிக்கு எழுதியிருந்தது: இடது முழங்கைக்கு நாலு விரல் மேலே ஒரு கறுப்பு மச்சம். சரிபார்த்த அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினார். மச்சம் தோலோடு இறங்கி முழங்கைக்கு நாலு விரல் கீழே இருந்தது.

“மச்சம் எடம் மாறக் கூடாதும்மா” என்றார் அவர், கடுமை எதுவும் இல்லாமல். “மாறுச்சின்னா ஆள் மாறாட்டம்னு ஆயிடும். இருபத்தோரு நாள் டைம் தரேன். எடத்துல வச்சி எடுத்துகினு வாங்க.”

தங்கதுரை வழி முழுக்கச் சந்தோஷமாக இருந்தான். அவள் வேலைக்கு அவன் ஆதரவு காட்டியது வாழ்க்கையிலேயே அப்போதுதான். “சாப்புடு. பழையபடி ரொம்பிட்டீனா மச்சம் தானா மேல ஏறிடும். அப்புறம் தாராளமா போ” என்றான். ஆயம்மாள் பணியாரச் சட்டியை இறக்கினாள். பெரியநாயகி தின்றாள். தோல் உள்ளிருந்து மெல்ல நிரம்பியது. எட்டு கிலோவுக்கு ஒரு விரல் வீதம் மச்சம் ஏறியது. பன்னிரண்டாம் நாள் எழுபத்தாறு கிலோ, மச்சம் முழங்கைக்கு ஒரு விரல் கீழே. அன்று மில் களத்தில் நடந்தவளுக்கு மூச்சு வாங்கியது. மச்சம் இடத்துக்கு வந்து சேரும் நாளில் தன்னால் பஸ் படி ஏற முடியாது என்பது அப்போது அவளுக்குப் புரிந்தது. இளைத்திருந்தால் அவள் பெரியநாயகி இல்லை; பெரியநாயகியாக இருந்தால் வீட்டை விட்டுப் போக முடியாது. அவ்வளவு நேர்த்தியாக யாரும் திட்டமிட்டிருக்க முடியாது, யாரும் திட்டமிடவும் இல்லை. பதிமூன்றாம் நாள் காலையில் தட்டை நகர்த்தி வைத்து, “போதும் அத்தை” என்றாள். அந்த வீட்டில் அந்த வார்த்தையை அதற்கு முன் யாரும் சொன்னதில்லையாதலால் ஆயம்மாள் கரண்டியோடு வெகுநேரம் நின்றாள். அடுத்த ஒரு வாரத்தில் ஏறிய கிலோ அத்தனையும் இறங்கிவிட்டது. மச்சமும் இறங்கிவிட்டது.

இருபத்தோராம் நாள் டெம்போ ரிப்பேர் என்றான் தங்கதுரை. மெகருன்னிசா வந்து, கேட்டுக் கொண்டியில் சுற்றியிருந்த தோலை நிதானமாகப் பிரித்து, சுருட்டி, பதினாலு கொக்கியையும் மாட்டினாள். இருவரும் பஸ்ஸில் போனார்கள். உளுந்தூர்பேட்டையில் இறங்கி வண்டி மாறினார்கள். வழி நெடுக முதுகுத் தோல் மேற்கே சாய்ந்துகொண்டே வந்தது. பின் சீட்டுக்காரர் இடம் போதவில்லை என்று கோபித்துக்கொண்டார்.

அதிகாரி முன்னால் பெரியநாயகி கொக்கியை எடுத்து, வலது கையால் இடது கைத் தோலை மேலே இழுத்துப் பிடித்தாள். அவர் தன் விரலை வைத்து அளந்தார். நாலு விரல், மயிரிழை தப்பவில்லை. “சரி, இங்க கையெழுத்துப் போடுங்க” என்றார். கையெழுத்துப் போட வலது கை வேண்டும். வலது கையை விட்டால் மச்சம் இறங்கிவிடும். இறங்கினால் கையெழுத்துப் போடுகிறவள் பெரியநாயகி இல்லை. அவள் விடவில்லை. அவர் காத்திருந்தார், அடுத்த ஆட்களைப் பார்த்தார், சாப்பிடப் போனார், திரும்பி வந்தார். அவள் அதே இடத்தில் அதே பிடியில் நின்றுகொண்டிருந்தாள். விரல்கள் வெளுத்துவிட்டன. கண்ணீர் இறங்கிக் கழுத்து மடிப்பில் தங்கியது, துடைக்கக் கை இல்லை.

வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்த மெகருன்னிசா யாரையும் கேட்காமல் உள்ளே வந்து, தோலைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

“நீங்க யாரும்மா?”

“டைலர் வூட்டுக்காரிங்க சார். நீங்க எழுதுங்க, நான் புடிச்சிக்கினு இருக்கேன்.”

அதிகாரி யோசித்தார். மச்சம் எங்கே இருக்கவேண்டும் என்பதற்கு விதி இருந்தது. அதை யார் பிடிக்கவேண்டும் என்பதற்கு எந்த விதியும் இல்லை. “ஆடாம புடிங்க” என்றார். பெரியநாயகி கையெழுத்துப் போட்டாள். பணிப் பதிவேட்டில் அவர் எழுதிய வரியை இன்றும் பார்க்கலாம்: இடது முழங்கைக்கு நாலு விரல் மேலே ஒரு கறுப்பு மச்சம், பிடித்தால்.

மலைமேல் அலுவலகம் இருந்த வெள்ளிமலையிலேயே அவள் ஒரு அறை எடுத்துக்கொண்டாள். மூன்றாம் மாதம் தங்கதுரை மத்தியான பஸ்ஸில் மலையேறி வந்தான். அலுவலகத்துக்குள் வரவில்லை. முற்றத்தில் கொய்யா மரத்தடியில் நின்று, “நாயகி, வா, சாப்புடலாம்” என்று கூப்பிட்டான். அதட்டலே இல்லாத குரல், வீட்டுக் குரல். பதினாலு கொக்கியும் ஒன்றன்பின் ஒன்றாக விட்டுக்கொண்டன. தோல் மேஜைக்கு அடியில் நுழைந்து, மனு எழுதிக்கொண்டுவந்து நின்ற இரண்டு மலைப் பெண்களைச் சுற்றிக்கொண்டு, வராந்தாவில் இறங்கி, முற்றத்தைத் தாண்டி நீண்டு போய் அவன் தோளில் படிந்தது. மூன்று மாதமாக அதைப் பார்க்காதவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதான். பெரியநாயகிக்கும் அழுகை வந்தது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. இரண்டரைக்கு பஸ் ஹாரன் அடித்ததும் அவன், “ஒடம்ப பாத்துக்க” என்று தோலிடம் சொல்லிவிட்டுப் போனான். தோல் தூசியோடு திரும்பி வந்தது.

பிறகு மாதம் ஒரு தரம் வந்தான். அவள் ஓய்வு பெறும் வரை இருபத்தாறு வருடம், ஒவ்வொரு முறையும் தோல் போனது, அவள் போகவில்லை. வெள்ளிமலைக்காரர்கள் அவனுக்காகக் கொய்யா மரத்தடியில் ஒரு நாற்காலி போட்டு வைத்தார்கள். தோல் முழுவதும் அலுவலகத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் கண்டக்டர் விசில் கொடுப்பார்.