மெக்கானிக்கின் சோர்வு

லிஃப்ட் மெக்கானிக்குக்கு எச்ஐவி வந்து பதினோரு வருடம் ஆகிறது. மாத்திரையை ஒருநாளும் தவறவிட்டதில்லை. கிருமியும் அடங்கியே இருந்தது. ஆனால் சில மாதங்களாக ஆளே சோர்ந்துபோனார். சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே தூங்கி வழிந்தார். மனைவி பக்கம் திரும்புவதே இல்லை. வேறு எவளோ இருக்கிறாள் என்று முடிவுகட்டிய மனைவி, அவரை டாக்டரம்மா முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார்.

"டெஸ்டோஸ்டிரோன்ங்கிற ஆண் ஹார்மோன் ரொம்பக் குறைஞ்சிருக்கு. அதான் இந்தச் சோர்வும், ஆசை இல்லாததும். எச்ஐவி இருக்கிற ஆம்பளைங்க பலருக்கும் இப்படி வரும். இன்னொரு தடவை பார்த்துட்டு மருந்து தரலாம்."

"அப்போ வேற பொம்பளை இல்லையா?" என்றாள் மனைவி.

மெக்கானிக்குக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"இருக்கிற ஒருத்தியைப் பார்க்கவே தெம்பில்ல. இன்னொருத்திக்கு நான் எங்கடி போவேன்?"

டாக்டரம்மா சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டார்.

"மருந்து ஏறினதுக்கு அப்புறமும் இதையே சொல்றீங்களான்னு பார்க்கிறேன்" என்றாள் மனைவி, அவர் கையைப் பிடித்துக்கொண்டே.