மெல்லிசை நேரத்தில் பிரதாபன்

கிளிநொச்சியில் அந்த ஆடைத் தொழிற்சாலையில் எந்த நேரமும் 'பனித்துளி' வானொலிதான் போகும். அதில் சத்தமான பாட்டு எதுவும் வராது. பிறந்தநாள் வாழ்த்து, கலியாணநாள் வாழ்த்து, இடையிடையே வயலினும் புல்லாங்குழலுமாக மெல்லிய காதல் பாட்டுகள். வேலை செய்கிற பிள்ளைகளின் மனம் அமைதியாக இருக்கவேண்டும் என்பது மனேஜரின் கொள்கை.

அன்று பின்னேரத் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து சுகந்தினி தையல் மெசினில் உட்கார்ந்திருந்தாள். பியானோவோடு ஒரு பாட்டுத் தொடங்கியது. முதல் வரியை அவள் கவனிக்கவில்லை. இரண்டாவது வரியில் மெசினை மிதித்த கால் தானாகவே நின்றுவிட்டது.

"கதவைத் தட்டுறன், கேக்குதா அம்மா..."

கணவனோடு சேர்ந்து பாடித் திரிந்த ஜனார்த்தனனின் குரல். ஆனால் அவன் முன்புபோலக் கத்தவில்லை. தாலாட்டுப் பாடுகிறவன்போல, காற்றுக்கும் நோகாமல் பாடிக்கொண்டிருந்தான். அது அவளுடைய கணவன் பிரதாபன் எழுதி மெட்டுப்போட்ட பாட்டு. பிரதாபன் இறந்தபிறகு அந்தப் பாட்டை அவள் எங்கேயும் கேட்டதில்லை.

பல்லவி முடிந்தால் கிற்றார் வரவேண்டும். அவள் காத்திருந்தாள். அந்த இடத்தில்தான் பிரதாபன் கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்க, தகரக் கூரை அதிரும்படி வாசிப்பான்.

புல்லாங்குழல் வந்தது.

"மெசின் பழுதோ?" என்று கேட்டபடி மேற்பார்வையாளர் சுமித்திரா பக்கத்தில் வந்து நின்றாள்.

"இல்லை மிஸ்."

"பிறகேன் அழுறீர்?"

சுகந்தினி கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். ஈரமாக இருந்தது. பாட்டு முடிந்து, மேலே ஸ்பீக்கரில் அறிவிப்பாளர் குழைந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்: "காலஞ்சென்ற பிரதாபனின் வரிகளில், மனதை வருடும் ஒரு மெல்லிசை..."

பிரதாபன் மனதை வருடுகிற ஆள் இல்லை. 'வெட்டைவெளி' என்ற பெயரில் அவனும் ஜனார்த்தனனும் இன்னொரு நண்பனும் ரொக் இசை வாசித்தார்கள். ஸ்கந்தபுரத்தில் பாவனையில்லாமல் கிடந்த ஒரு நெல் களஞ்சியத்தில் பயிற்சி. அப்போது சுகந்தினி உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சத்தம் தாங்காமல் ஒருநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு சண்டைபிடிக்கப் போனாள். உள்ளே, பொடியன்களுக்கு நடுவில், ஒரு அம்மா நிலத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கர் பெட்டியில் உள்ளங்கையை வைத்து, கன்னத்தையும் சாய்த்திருந்தா. முகம் முழுக்கச் சிரிப்பு.

அவாதான் வடிவம்மா, பிரதாபனின் தாய். மலையகத்திலிருந்து சின்னப் பிள்ளையாக வன்னிக்கு வந்து, இங்கேயே காடு வெட்டி, கச்சான் கடலை பயிரிட்டு வாழ்ந்த மனுசி. கடைசிச் சண்டையில் பதுங்கியிருந்த பங்கருக்குப் பக்கத்தில் விழுந்து வெடித்த செல் அவாவின் மகளைக் கொண்டுபோனது. இரண்டு காதையும் கொண்டுபோனது. அதற்குப் பிறகு கோயில் மணியும் கேட்காது, மகன் கூப்பிட்டாலும் கேட்காது. ஆட்கள் வாயசைப்பதைப் பார்த்துத்தான் கதை புரியும்.

"ஏன் இவ்வளவு சத்தம்?" என்று சுகந்தினி கேட்டபோது பிரதாபன் கோபிக்கவில்லை.

"இதைவிடக் குறைச்சா அம்மாக்குக் கேக்காது," என்றான். "இதுகூடக் காதால இல்லை. நெஞ்சாலதான் கேக்கிறா."

சுகந்தினி அன்றைக்குப் படிக்கவில்லை. களஞ்சிய வாசலிலேயே நின்று முழுப்பாட்டையும் கேட்டாள். பிறகு வீட்டில் எவ்வளவோ சொல்லியும் கேளாமல் அவனையே கட்டினாள். சுகந்தினியின் வீட்டார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய ஆட்கள். மலையகப் பொடியன் என்று தகப்பன் கலியாணத்துக்கே வரவில்லை.

வெட்டைவெளியை யாருக்கும் பிடிக்கவில்லை. ஒரு கோயில் திருவிழாவில் பாதியில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். பாட்டைப் பதிவுசெய்து வானொலிகளுக்குக் கொண்டுபோனால், நேயர்களுக்குத் தலையிடி வரும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் முடிந்த அடுத்த வருசம், முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கலியாண வீட்டில் வாசித்துவிட்டுப் பொழுதுபடுகிற நேரம் மோட்டார்சைக்கிளில் திரும்பிவந்த பிரதாபனை, லைற் இல்லாமல் மணல் ஏற்றிவந்த டிப்பர் லொறி அடித்தது. முதுகில் கொழுவியிருந்த கிற்றாரும் அவனோடு நொறுங்கிப்போனது.

வேலை முடிந்ததும் சுகந்தினி பஸ்ஸுக்குப் போகாமல் ஒரு மரத்தின் கீழ் நின்று ஜனார்த்தனனுக்குப் போன் எடுத்தாள். அவன் இப்போது கொழும்பில் விளம்பரங்களுக்கு இசை போடுகிறான்.

"கேட்டனீங்களே, சுகந்தி?" அவன் குரலில் சந்தோசம் துள்ளியது. "நானே சொல்லுவமெண்டு இருந்தனான். பிரதாபன்ட பேர் சொன்னவையோ?"

"சொன்னவை. கிற்றார் எங்கை, ஜனா அண்ணா?"

அவன் வானொலிக்காரரைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினான்.

"அவர் வாசிச்ச இடத்தில குழல் வருது. கிற்றார் எங்கை?"

"அந்தப் பழைய பதிவு இப்ப இல்லை, சுகந்தி. கொம்பியூட்டர் பழுதாப் போச்சு. வானொலியளுக்குக் குடுத்த சீடியள் எப்பவோ குப்பைக்குப் போயிருக்கும். பிரதாபன்ட போனில ஒண்டு இருந்தது. அதுவும் அண்டைக்கு..."

"வேற ஆரையும் வைச்சு வாசிப்பிச்சிருக்கலாமே."

"வாசிப்பிச்சனான்." என்றான் அவன். "நல்லா வாசிக்கிற பொடியன்தான். அந்த இடம் வரேக்குள்ள என்னால அங்கை இருக்க ஏலாமல் போச்சு. வெளியில வந்து வாந்தி எடுத்தனான். பனித்துளிக்காரரும் மெல்லிசாக் குடுத்தாத்தான் போடுவம் எண்டவை. சரி, குழலே போதும் எண்டு விட்டிட்டன். எப்படியாவது அவன்ட பேர் நாலு பேருக்குக் கேக்கட்டும் எண்டுதான் செய்தனான், சுகந்தி."

அவனைத் திட்டுவதற்கு என்று அவள் எடுத்துவைத்திருந்த சொற்கள் ஒன்றும் பிறகு வரவில்லை. "சரியண்ணா, பஸ் வருது," என்று வைத்துவிட்டாள். பஸ் வரவில்லை.

வீட்டில் சொல்லக்கூடாது என்று முடிவெடுத்துக்கொண்டுதான் வந்தாள். ஆனால் பக்கத்து வீட்டுச் சிவனேஸ்வரி முந்திவிட்டாள். படலைக்குள் வரும்போதே வடிவம்மா ஓடிவந்து அவளுடைய இரண்டு கையையும் பிடித்தா.

"புள்ள, அவன் பாட்டு ரேடியோவுல வருதாமே! ஞாயித்துக்கெழம காலையில மறுபடி போடுவாங்களாம். சிவனேசு சொல்லிச்சு."

"ஓம் மாமி," என்று சுகந்தினி வாயைத் தெளிவாக அசைத்தாள்.

"முன்னாடியெல்லாம் வேணாம்னு தொரத்துனாங்களே. இப்ப அவங்களே போடுறாங்க பாத்தியா?"

ஞாயிற்றுக்கிழமை வடிவம்மா காலையிலேயே தலைக்குத் தோய்ந்து, மகனின் கலியாணத்துக்குக் கட்டிய சேலையை அலுமாரியிலிருந்து எடுத்துக் கட்டினா. சிவனேஸ்வரி தன் வீட்டு றேடியோவைக் கொண்டுவந்து கதிரையில் வைத்தாள். அயலில் உள்ள பெண்கள் நாலைந்து பேர் வந்து பாயில் இருந்தார்கள். வடிவம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தா. பிறகு கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, றேடியோவில் உள்ளங்கையை வைத்தா.

பாட்டுத் தொடங்கியது. சிவனேஸ்வரி கையைக் காட்டினாள். வடிவம்மா தலையை ஆட்டினா.

சுகந்தினி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை ஒரு இடத்தில் நிற்கவில்லை. றேடியோவின் முன்பக்கம் போனது, மேலே போனது, பின்னால் பற்றரி மூடியைத் தடவியது. பிறகு வடிவம்மா குனிந்து கன்னத்தை வைத்தா. சிவனேஸ்வரி சத்தத்தை முழுக்கக் கூட்டினாள். அந்தச் சின்னப் பெட்டி கரகரத்ததே தவிர, பியானோவும் குழலும் வடிவம்மாவின் கைக்குப் போய்ச் சேரவில்லை.

வடிவம்மா நிமிர்ந்து பெண்களின் முகங்களைப் பார்த்தா. ஒருத்தி முந்தானையால் கண் துடைத்தாள். இன்னொருத்தி மெதுவாகத் தலையசைத்தாள். அவர்களைப் பார்த்துப் பார்த்து வடிவம்மாவும் தலையசைத்தா. அவர்கள் சிரித்த இடத்தில் தானும் சிரித்தா.

பாட்டு முடிந்தது. "எப்பிடி, அக்கா?" என்று சிவனேஸ்வரி கையால் கேட்டாள்.

"நல்லா வாசிச்சிருக்கான்," என்றா வடிவம்மா. "எம்புள்ள நல்லா வாசிச்சிருக்கான்."

சுகந்தினி எழும்பிக் குசினிக்குள் போனாள். அடுப்புக்கு முன்னால் நின்று, சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமிக்குக் கேட்காது என்பது அந்த நேரம் நினைவுக்கே வரவில்லை. பெண்கள் விடைபெற்றுப் போவதும் படலை சாத்துவதும் கேட்டது. திரும்பினால் வடிவம்மா வாசற்படியில் நின்றா.

"அதுல அவன் இல்லையா, புள்ள?"

சுகந்தினி முகத்தைத் துடைத்தாள்.

"பாட்டு ஓடையில ஒம்மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அவன் வாசிச்சா ஒம்மூஞ்சி அப்பிடியா இருக்கும்? சொல்லு. அவன் வாசிச்சது அதுல இருக்கா, இல்லையா?"

பொய் சொல்ல நினைத்துத்தான் சுகந்தினி வாயைத் திறந்தாள். மாமியின் கண்கள் அவளுடைய உதடுகளிலேயே நின்றன.

"இல்லை மாமி. அவர் வாசிச்சது எங்கேயும் இல்லை. எல்லாம் அழிஞ்சு போச்சாம்."

வடிவம்மா அங்கேயே படியில் இருந்தா. சேலைக் கரையை விரலில் சுற்றினா, அவிழ்த்தா.

"எனக்குத்தான் கேக்கலன்னு நெனச்சேன்," என்றா.

பிறகு அழத் தொடங்கினா. மகனின் செத்தவீட்டிலும் அவா சத்தம்போட்டு அழவில்லை. இப்போது, தன் குரல் எவ்வளவு உயரம் போகிறது என்று தெரியாமல், தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி அழுதா. சுகந்தினி ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள். மாமியின் அழுகை அவளுடைய நெஞ்சுக்குள் இறங்கி அதிர்ந்தது.

அடுத்த நாள் அவள் ஜனார்த்தனனுக்கு மறுபடி எடுத்தாள்.

"பாட்டை நிப்பாட்டச் சொல்லட்டே?" என்று அவனே கேட்டான். "நீங்கள் சொன்னா நான் கதைக்கிறன்."

"வேண்டாம் அண்ணா. சனத்துக்குப் பிடிச்சிருக்கு, போகட்டும். அவர்ட பேரை மட்டும் சொல்லவேண்டாமெண்டு சொல்லுங்கோ."

"சுகந்தி, அவன் எழுதின பாட்டு. பேர்கூட இல்லாட்டி அவனுக்கெண்டு என்ன இருக்கு?"

"அந்தப் பேரைக் கேட்டு ஆராவது வந்து சொன்னா மாமி திரும்பவும் றேடியோவுக்குப் பக்கத்தில போய் இருப்பா. அதை என்னால பாக்க ஏலாது."

அவன் சம்மதித்தான். வானொலிக்காரருக்கும் அதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது அந்தப் பாட்டு நல்லாய் எடுபட்டுவிட்டது. கலியாண வீடியோக்களில் போட்டார்கள். கைக்குழந்தையை நித்திரையாக்க நல்ல பாட்டு என்று ஆட்கள் கேட்டு எழுதினார்கள். தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்திருந்த வினோஜா, சுகந்தினிக்குப் பக்கத்து மெசினில் இருந்து அதைக் கூடவே பாடுவாள்.

"என்ன சுகமான பாட்டு," என்றாள் ஒருநாள். "ஆர் அக்கா இதை எழுதினது?"

"தெரியாது," என்றாள் சுகந்தினி.

வினோஜா தொடர்ந்து பாடினாள். சுகந்தினி குனிந்து ஊசியில் நூலைக் கோர்க்கப் பார்த்தாள். நூல் போகவில்லை. மறுபடியும் பார்த்தாள். பிறகு நூலை வினோஜாவிடம் நீட்டி, "இதைக் கோர்த்துத் தாரும் பிள்ளை, எனக்குக் கண் தெரியேல்லை," என்றாள்.