சாமி இருக்கையில் தச்சன்

பாதிரியாருக்குக் கொஞ்சம் கனத்த சரீரம். ஆனால் ஊரார் மண்டியிட்டுப் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனப் பெட்டியில் தம்முடைய இருக்கைப் பலகை இற்றுப்போனதற்கு ஊராரின் பாவச் சுமைதான் காரணம் என்று சொல்லிக்கொள்வார். தச்சனைக் கூப்பிட்டு, மாலைக்குள் சரிசெய்யச் சொன்னார். மரத்தூள் கோயிலுக்குள் பறக்கக் கூடாது, திரையை இழுத்துவிட்டுக்கொள் என்பது கூடுதல் உத்தரவு.

தச்சனுக்கு அந்தக் கோயிலில் வேலை மட்டும்தான் உண்டு. பெஞ்சு செய்து கொடுப்பான், உட்கார மாட்டான். இளவயதில் அப்பாவின் பட்டறையிலிருந்த இழைப்பு எந்திரத்தை விற்றுத் தின்றுவிட்டு ஓடியவன் அவன். கைக்காசு கரைந்து திரும்பியபோது அப்பா கல்லறைக்குப் போய்விட்டிருந்தார். "என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?" என்று அண்ணனிடம் கேட்டான். "ஒண்ணும் சொல்லல" என்றார் அண்ணன். பெற்ற தகப்பனே மன்னிக்காத கழுதையைப் பரலோகத் தகப்பன் மட்டும் மடியில் வைத்துக் கொஞ்சுவாரா என்று தச்சன் கணக்குப் போட்டான். அந்தக் கணக்கில் பிழை இருப்பதாக அவனுக்குத் தோன்றவே இல்லை.

அன்று பழைய பலகையைக் கழற்றிப் புதியதை வைத்து, பொருந்துகிறதா என்று உட்கார்ந்து பார்த்தான். வாயில் நாலைந்து திருகாணிகள். தச்சர்களுக்கு வாய்தான் மூன்றாவது கை. அந்த நேரம் பார்த்து, பக்கவாட்டுத் தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ வந்து மண்டியிட்டார்கள்.

"என்னை ஆசீர்வதிங்க சாமி, நான் பாவி."

அண்ணனின் குரல். கூட்டம் சேர்வதற்குள் சொல்லிவிட்டுப் போகலாம் என்று முந்திக்கொண்டு வந்திருக்கிறார். திரை மூடியிருந்தால் உள்ளே பாதிரியார் இருக்கிறார் என்பது அந்தக் கோயிலின் வழக்கம். 'நான் சாமி இல்லை' என்று சொல்லத்தான் தச்சன் பார்த்தான். திருகாணிகளோடு "ம்ம்" என்றுதான் வந்தது. மேலே சொல்லச் சொல்கிறார் என்று அண்ணன் எடுத்துக்கொண்டார்.

"தம்பிகிட்ட ஒரு பொய் சொன்னேன் சாமி. அப்பா உன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலன்னுட்டேன். படுத்த படுக்கையா கிடந்தப்ப அவரு வேற யாரையுமே கேக்கல சாமி. மலஜலம் அள்ளினவன் நான். என் பேரை ஒரு தடவை சொல்லல. வாசல்ல சத்தம் கேட்டா போதும், 'சின்னவன் வந்துட்டானா'ன்னுதான் கேப்பாரு. எனக்கு வயித்தெரிச்சல். அவனுக்கு ஆளே அனுப்பல."

தச்சன் திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தான். இன்னொரு கையில் சுத்தியல் இருந்தது. அதை என்ன செய்வது என்று கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு கீழே வைத்தான்.

"அவர் கேட்டப்போ நீ என்னண்ணே சொன்னே?"

தம்பியின் குரல் என்று அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து ஓட அண்ணனின் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் பதில் சொன்னார்.

"வந்துக்கிட்டே இருக்கான்னேன்."

"நம்பினாரா?"

"நம்பினாரு. கடைசி வரைக்கும் கதவைச் சாத்த விடல."

தச்சன் அழுதான். இத்தனை வருஷத்து அழுகை; அடக்கமாக வரவில்லை. பலகைக்கு அந்தப் பக்கமும் அதே கதைதான். அண்ணன்மேல் ஆத்திரம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆனால் அப்பாவைச் சுத்தம் செய்த கையும் அந்தக் கைதானே என்ற நினைப்பு குறுக்கே வந்து நின்றது. வெளியே வந்து அண்ணன் பக்கத்தில் மண்டியிட்டான். ஒருவருக்கென்று செய்த இடம். இருவரும் இடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பாதிரியார் வந்து பார்த்தார்.

"ஒவ்வொருத்தரா வாங்கப்பா. யாரு முதல்ல?"

தச்சன் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"அண்ணன் சொல்லி முடிச்சிட்டாரு சாமி. நான்தான் பாக்கி."